நல்ல கொழுப்பு புது ரத்தக்குழாயை வளர்க்குமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 31 என்று குறைவாக வந்திருக்கிறது. நல்ல கொழுப்பு கூடினால் புது ரத்தக்குழாய் முளைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் மாத்திரை போட்டு அதை ஏற்றிவிட்டால் புண் ஆறிவிடாதா என்பது உங்கள் முதல் கேள்வி. புது ரத்தக்குழாய் புற்றுநோய்க்கும் தீனி போடுமாமே, அப்போது அது ஆபத்தில்லையா என்பது இரண்டாவது.

நேரடிப் பதிலை முதலில் சொல்கிறேன். எச்.டி.எல். துகள் புது ரத்தக்குழாய் முளைக்க உதவுகிறது என்பது செல்களிலும் எலிகளிலும் பலமுறை காட்டப்பட்ட விஷயம். அதே துகள் வேறொரு சூழலில் அந்த முளைப்பை அடக்குகிறது என்பதையும் காட்டியிருக்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் 31 என்ற எண் இந்த இரண்டு வேலைகளில் எதையும் அளப்பதில்லை. அதனால் எண்ணை ஏற்றும் மாத்திரை புண்ணை ஆற்றும் என்று நம்ப வழியில்லை. ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களை வளர்க்கும் ஓர் ஆய்வகத்தில் சில வருடம் இருந்தவன் நான். கண்ணால் பார்த்ததையும் சேர்த்துக் காரணத்தை விளக்குகிறேன்.

முதலில், ரத்தக்குழாய் எப்படி முளைக்கிறது? உடம்பில் எந்தச் செல்லும் ரத்தக்குழாயை விட்டு அதிக தூரம் தள்ளிப் போய்ப் பிழைக்க முடியாது. குழாயிலிருந்து ஆக்சிஜன் கசிந்து போகக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதற்கு அப்பால் இருக்கும் செல் மூச்சுத் திணறும். எச்.ஐ.எஃப். என்று ஒரு புரதம் உண்டு. செல் இதை எப்போதும் தயாரித்துக்கொண்டே இருக்கும், தயாரித்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கும். அழிக்கும் வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பது தடைபட்டு, புரதம் தேங்கி, செல்லின் உட்கருவுக்குள் போய், பஞ்சகாலத்துக்கென்று வைத்திருக்கும் மரபணுக்களை இயக்கத் தொடங்கும். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் கிடைத்தது. அப்படி இயக்கப்படும் மரபணுக்களில் ஒன்று வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை உண்டாக்கி வெளியே அனுப்புகிறது.

அந்த வி.இ.ஜி.எஃப். பக்கத்தில் ஓடும் நுண்குழாயை எட்டியதும், அதன் உள்சுவர்ச் செல் ஒன்று தன் இடத்தைவிட்டு அது வரும் திசைக்கு நீளும். பாகற்கொடியின் பற்றுக்கம்பி பந்தலைத் தேடித் துழாவுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே மாதிரிதான். நுனிச்செல் துழாவிக்கொண்டே முன்னால் போக, பின்னால் இருக்கும் செல்கள் பெருகித் தண்டாக நீளும். எதிரே இருந்து வரும் இன்னொரு நுனியோடு ஒட்டிக்கொண்டால் உள்ளே ரத்தம் ஓட வழி பிறக்கும். வெளியிலிருந்து பெரிசைட் என்ற செல்கள் வந்து அணைத்துப் பிடித்தால்தான் அந்தக் குழாய் நிலைக்கும், இல்லையென்றால் கசிந்தே கெட்டுப்போகும். அப்பாவின் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அடியில் சிவப்பாக, குருணை குருணையாகச் சதை தெரிகிறதா என்று நர்ஸ் குனிந்து பார்ப்பார். அந்தச் சிவப்பு, புதிதாக முளைத்த நுண்குழாய்களின் நிறம். வெளிறிப்போய், சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் முளைப்பு நடக்கவில்லை என்று பொருள்.

சரி, இதில் எச்.டி.எல். எங்கே வருகிறது? நல்ல கொழுப்பு என்று பேர் வைத்துவிட்டதால் அதை ஒரு வகைக் கொழுப்பு என்றே நினைத்துக்கொள்கிறோம். கொலஸ்ட்ராலில் நல்லது, கெட்டது என்று இரண்டு சரக்கு கிடையாது, கொலஸ்ட்ரால் ஒன்றேதான். எச்.டி.எல். என்பது அதைச் சுமந்து போகும் ஒரு துகள். குறுக்களவு 7 முதல் 12 நானோமீட்டர் இருக்கும். எடையில் பாதிக்குப் பக்கம் புரதம், அதில் பெரும்பங்கு அப்போ ஏ-1 என்ற ஒரே புரதம். புரதம் அதிகம் என்பதால் அடர்த்தி கூடும். அந்த அடர்த்தியை வைத்துத்தான் ரத்தத்திலிருந்து அதைப் பிரிப்பார்கள். பிளாஸ்மாவில் பொட்டாசியம் புரோமைடு உப்பைக் கரைத்து, அதிவேகச் சுழற்சி இயந்திரத்தில் மணிக்கணக்கில் சுற்ற விட்டால், குழாயை வெளியே எடுக்கும்போது வெவ்வேறு மட்டத்தில் மஞ்சள் பட்டைகள் நிற்கும். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். மேலே, எச்.டி.எல். அதற்குக் கீழே. ஊசியால் மெதுவாக உறிஞ்சி எடுத்து, உப்புப் போகும்வரை கரைசல் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். உப்பு மிச்சமிருந்தால் செல்கள் செத்துவிடும். முதல் மாதம் நான் அப்படி இரண்டு தட்டுச் செல்களைக் கொன்றிருக்கிறேன்.

அடுத்தது செல்கள். பிரசவமானதும் வீணாகப் போகும் தொப்புள்கொடியைத் தாயின் சம்மதத்தோடு வாங்கி வந்து, அதன் சிரைக்குள் நொதிக்கரைசல் விட்டுக் கழுவினால் உள்சுவர்ச் செல்கள் உரிந்து வரும். தட்டில் ஒட்டி வளர்ந்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கூழாங்கல் பாவிய தரை மாதிரி இருக்கும். இவற்றை ஒரு சிறப்புக் கூழின் மேல் தூவ வேண்டும். அந்தக் கூழ் குளிரில் திரவமாக இருக்கும், உடம்புச் சூட்டில் உறைந்துவிடும். அதனால் ஐஸ் கட்டிக்குள் வைத்தே கையாள வேண்டும், உறிஞ்சுகுழாயின் முனையைக்கூட முன்கூட்டியே குளிர வைப்போம். சாயங்காலம் தூவிவிட்டுப் போய் மறுநாள் காலை வந்து பார்த்தால், சிதறிக் கிடந்த செல்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து மீன்வலை போலக் கண்ணி கண்ணியாகப் பின்னியிருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தச் செல்கள் குழாயாகக் கூடுகின்றன. முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான் வெகுநேரம் இருக்கையை விட்டு எழவில்லை. ஆக்சிஜனைக் குறைத்த பெட்டியில் இதே சோதனையைச் செய்யும்போது, எச்.டி.எல். சேர்த்த குழிகளில் கண்ணிகள் கூடுதலாக இருக்கும், இழைகளும் முழுமையாக இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பல வழிகள் தெரியவந்திருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, எஸ்.ஆர்-பி1 என்ற ஏற்பி. எச்.டி.எல். வந்து அமரும் இடம் இதுதான் என்று 1996இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மான்டி கிரீகர் குழு கண்டுபிடித்தது. கல்லீரல், கொலஸ்ட்ராலை இறக்கிக்கொள்ளும் வாசல் என்றுதான் அப்போது அதை நினைத்தார்கள். 2001இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் ரத்தக்குழாய்ச் செல்லிலும் இந்த ஏற்பி வேலை செய்வதைக் காட்டினார்கள். எச்.டி.எல். அதில் உட்கார்ந்ததும் உள்ளே சமிக்ஞை கிளம்பி, நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி முடுக்கப்படுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குழாயைத் தளர்த்தும், செல்களை நகரச் செய்யும், பிழைக்கவும் வைக்கும். வி.இ.ஜி.எஃப். சொல்லும் வேலையைச் செய்து முடிக்கவும் செல்லுக்கு இது வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி, எச்.டி.எல். சுமந்து வரும் ஒரு சின்னக் கொழுப்பு மூலக்கூறு: ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட். ரத்தத்தில் இருக்கும் இந்த மூலக்கூறில் பெரும்பகுதி எச்.டி.எல்.மீதுதான் பயணம் செய்கிறது. துகளில் ஒட்டியிருக்கும் அப்போ எம் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. உள்சுவர்ச் செல்லில் இதற்கென்று தனி ஏற்பிகள் உண்டு. அவை செல்களைப் பிழைக்க வைத்து நகர்த்துவதோடு, செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இணைப்பையும் இறுக்குகின்றன. குழாய் கசியாமல் முதிர்வதற்கு இந்த இறுக்கம் அவசியம். கண்டபடி கிளை விடுவதை இதே ஏற்பி கட்டுப்படுத்துகிறது என்பதும் எலிகளில் தெரியவந்தது. அதாவது ஒரே மூலக்கூறு முளைக்கவும் துணை செய்கிறது, போதும் நில் என்றும் சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உயிருள்ள விலங்கிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். எலியின் பின்னங்காலுக்குப் போகும் தொடைத் தமனியைக் கட்டிவிட்டால், உங்கள் அப்பாவுக்கு இருப்பதைப் போன்ற ரத்தப் பஞ்சம் அந்தக் காலில் ஏற்படும். லேசர் கருவியால் தோலில் ஓடும் ரத்தத்தைப் படம் பிடித்தால் நல்ல கால் சிவப்பாகவும் கட்டிய கால் கரும் நீலமாகவும் தெரியும். நாள் ஆக ஆக நீலம் பச்சையாகி மஞ்சளாகி வருவதைத்தான் புதுக்குழாய் வளர்ச்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்வோம். செயற்கையாகத் தயாரித்த எச்.டி.எல்.லை ஊசியில் கொடுத்த எலிகளுக்கு இந்த மீட்சி வேகமாக நடந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் முன்னோடிச் செல்கள் ரத்தக்குழாய்ச் செல்லாக மாறுவதையும் அது தூண்டியது. இதற்கு ஒரு வருடம் முன்பு டெக்சாஸ் குழு, எலியின் கழுத்துத் தமனியில் உரிந்துபோன உள்சுவர் மறுபடி மூடுவதற்கு அப்போ ஏ-1 தேவை என்று காட்டியிருந்தது.

இதுவரை படித்தால் எச்.டி.எல். ஒரு உரம் போலத் தோன்றும். ஆனால் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. சிட்னியில் கிறிஸ்டினா பர்சில் என்பவரின் குழு ஒரே எச்.டி.எல்.லை இரண்டு விதமான எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஒரு கூட்டத்துக்கு மேலே சொன்ன மாதிரி தமனியைக் கட்டி ஆக்சிஜன் பஞ்சத்தை உண்டாக்கினார்கள். இன்னொரு கூட்டத்துக்குத் தொடைத் தமனியைச் சுற்றி ஒரு குட்டிப் பட்டையை மாட்டி அழற்சியை உண்டாக்கினார்கள். அழற்சி வந்தாலும் புதுக்குழாய் முளைக்கும், ஆனால் அது உடம்புக்கு வேண்டாத முளைப்பு. பஞ்சம் இருந்த காலில் எச்.டி.எல். முளைப்பைக் கூட்டியது. அழற்சி இருந்த காலில் அதே எச்.டி.எல். முளைப்பைக் குறைத்தது. 2014இல் இதை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் என் மனதை மிகவும் மாற்றிய முடிவு இதுதான்.

எச்.டி.எல். முளைப்பைத் தடுக்கும் ஒரு வழியை சான் டியாகோ ஆய்வாளர்கள் 2013இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் கண்டார்கள். இந்தக் குஞ்சின் உடல் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே ரத்தக்குழாய் முளைப்பதை நேரடியாகப் பார்க்கலாம். செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் செறிந்த திட்டுகள் உண்டு. வி.இ.ஜி.எஃப். ஏற்பிகள் அந்தத் திட்டுகளில் கூடி இரண்டிரண்டாக இணைந்தால்தான் சமிக்ஞை கிளம்பும். எச்.டி.எல். அங்கிருந்து கொலஸ்ட்ராலை வழித்து எடுத்துப் போனால் திட்டு கலைந்துவிடும், ஏற்பிகள் இணைய முடியாது, முளைப்பு அடங்கும். ஏ.ஐ.பி.பி. என்ற புரதம் இந்த வழிப்பை வேகப்படுத்துகிறது. அந்தப் புரதம் இல்லாத குஞ்சுகளில் குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்திருந்தன.

தமனியின் கொழுப்புப் படிவுக்குள்ளும் புதுக்குழாய் முளைப்பது உண்டு. அவை பலவீனமானவை, எளிதில் கசிந்து படிவுக்குள்ளேயே ரத்தம் கட்டும், படிவு வெடிக்கவும் அது ஒரு காரணமாகிறது. அங்கே முளைக்காமல் இருப்பதுதான் நல்லது.

இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? என் புரிதல் இது. எச்.டி.எல். குழாயை முளைக்கச் சொல்லும் அதிகாரி இல்லை. முளைக்க வேண்டும் என்ற உத்தரவு ஆக்சிஜன் பஞ்சத்திலிருந்தோ அழற்சியிலிருந்தோ வருகிறது. பஞ்சத்திலிருந்து வந்தால், எச்.ஐ.எஃப். புரதத்தை அழியாமல் காத்து அந்த உத்தரவுக்கு எச்.டி.எல். வலு சேர்க்கிறது. அழற்சியிலிருந்து வந்தால், அழற்சியையே தணிப்பதால் உத்தரவு பலவீனமாகிறது. செல் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எச்.டி.எல். என்ன செய்கிறது என்பதும் அமைகிறது.

இங்கேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். புற்றுக்கட்டி வளரப் புதுக்குழாய் வேண்டும் என்பதை 1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார், அந்தக் கருத்திலிருந்து மருந்துகளே வந்துவிட்டன. ஆனால் எச்.டி.எல். கட்டிக்குத் தீனி போடுகிறது என்பதற்கு எலிகளில் கிடைத்த ஆதாரம் எதிர்த்திசையில் இருக்கிறது. அப்போ ஏ-1 அதிகமாக உள்ள எலிகளில் கட்டி மெதுவாகத்தான் வளர்ந்தது, கட்டிக்குள் குழாய்களும் குறைவாக இருந்தன. எச்.டி.எல். கூடுதலாக இருக்கிறதே, புற்றுநோய் வருமோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு வருவோம். அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்திருப்பீர்கள். விழித்திரையில் தேவையில்லாத புதுக்குழாய்கள் கண்டபடி முளைத்துக் கசிவதுதான் முற்றிய சர்க்கரைநோய்க் கண்பாதிப்பு. அதற்கு வி.இ.ஜி.எஃப்.பை முடக்கும் ஊசியைக் கண்ணிலேயே போடுகிறார்கள். அதே ஆளின் காலில் முளைக்க வேண்டிய குழாய் முளைப்பதில்லை. கண்ணிலும் காலிலும் ஓடுவது ஒரே ரத்தம். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற கட்டுப்பாடு குலைந்துபோவதுதான் நோய். அதனால்தான் 'புதுக்குழாயை வளர்க்கும் மருந்து' என்று யாராவது சொன்னால் எனக்குக் கண்தான் முதலில் ஞாபகம் வரும்.

இதில் இன்னொரு சிக்கல், சர்க்கரை நோயாளியின் எச்.டி.எல்.லே பழுதுபட்டுப் போகிறது. அதன் புரதத்தில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். வெள்ளணுக்கள் உமிழும் நொதி ஒன்று அப்போ ஏ-1ஐ ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கும். துகளோடு ஒட்டியிருக்கும் காப்பு நொதிகள் வீரியம் இழக்கும். 2010இல் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் எச்.டி.எல். ரத்தக்குழாய்ச் செல்லை நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்க வைத்தது, சர்க்கரை நோயாளிகளின் எச்.டி.எல். அதைச் செய்யவில்லை. அடுத்த வருடம் இதயத் தமனி நோயாளிகளிடமும் அதே குறை தெரிந்தது. எண்ணிக்கை ஒன்றே என்றாலும் வேலை ஒன்றாக இருப்பதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. சிட்னி குழுவே 2016இல் சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்குச் செயற்கை எச்.டி.எல். கொடுத்துப் பார்த்தது. காலில் ரத்த ஓட்டம் மீண்டது. தோல் காயத்தின் மீது நேரடியாகப் பூசியபோது காயத்தில் புதுக்குழாய்கள் கூடின. எஸ்.ஆர்-பி1 இல்லாத எலிகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை, ஆகவே அந்த வாசல் வழியாகத்தான் வேலை நடக்கிறது. நீங்கள் படித்த செய்தியின் மூலம் இம்மாதிரி ஆய்வுகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆறாத புண்ணில் பூசும் எச்.டி.எல். என்ற எண்ணத்தில் எனக்கு உண்மையான நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் அது தேவைப்படும் இடத்தில் மட்டும் போய்ச் சேர்கிறது. ஆனால் எலியின் தோல் சுருங்கி மூடும், நம்முடையது அடியிலிருந்து நிரம்பி மேலே வர வேண்டும். எலியில் ஆறிய காயத்துக்கும் மனிதக் காலுக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

அப்புறம் மாத்திரை. எச்.டி.எல். எண்ணை ஏற்ற மருந்து உலகம் பெரும் பணத்தைச் செலவழித்தது. டார்செட்ராபிப் என்ற மாத்திரை அந்த எண்ணை 72 சதவீதம் உயர்த்தியது. சுமார் 15,000 பேரிடம் சோதித்த ஆய்வை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள், ஏனென்றால் மாத்திரை எடுத்த பிரிவில் இறப்பு கூடியிருந்தது. இறுதிக் கணக்கில் அந்தப் பிரிவில் 93 பேரும் எடுக்காத பிரிவில் 59 பேரும் இறந்திருந்தார்கள். அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தையும் கூட்டியது. எச்.டி.எல். எண்ணை ஏற்றும் நியாசின் என்ற இன்னொரு மருந்தை வைத்துச் செய்த இரண்டு பெரிய ஆய்வுகளும் பலன் காட்டவில்லை. 2017இல் டார்செட்ராபிப் வகையைச் சேர்ந்த அனசெட்ராபிப் என்ற மாத்திரை மாரடைப்பு முதலான இதயச் சம்பவங்களை 9 சதவீதம் குறைத்தது, ஆனால் அந்தப் பலன் கெட்ட கொழுப்பு குறைந்ததால் வந்தது என்றே கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 2024இல் அப்போ ஏ-1ஐயே மாரடைப்பு வந்தவர்களுக்கு ஊசியாக ஏற்றிய ஆய்வு வெளியானது, 18,000 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். தொண்ணூறு நாளில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கில் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை.

ஏன் இப்படி? பரிசோதனைச்சாலை சொல்லும் எண், ரத்தத்தில் ஓடும் எச்.டி.எல்.மீது அந்த நேரம் எவ்வளவு கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். தெருவில் குப்பை வண்டி நிறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகப் போய் நன்றாக அள்ளிவிட்டு வருகிறதோ, கிடங்கின் கதவு பூட்டியிருப்பதால் கொட்ட முடியாமல் நிற்கிறதோ, தெருவில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. கிடங்குக் கதவு பூட்டிய மனிதர்களும் இருக்கிறார்கள். எஸ்.ஆர்-பி1 மரபணுவில் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு எச்.டி.எல். எண் மிக அதிகமாக இருந்தும் இதயத் தமனி நோய் கூடுதலாக வருகிறது என்று 2016இல் தெரிந்தது. அதற்கடுத்த வருடம் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்ததில், எண் 116ஐத் தாண்டிய ஆண்களின் இறப்பு விகிதம், 73க்குப் பக்கத்தில் இருந்தவர்களைப் போல இரண்டு மடங்காக இருந்தது. மாறாக, எச்.டி.எல். எவ்வளவு திறமையாகக் கொலஸ்ட்ராலை வழித்தெடுக்கிறது என்பதை ஆய்வகத்தில் அளந்து பார்த்தால், அது இதய நோய் வருமா என்பதை நன்றாகவே முன்கூட்டிச் சொல்கிறது. டாலஸ் நகரில் அப்படி அளந்ததை 2014இல் வெளியிட்டார்கள். அந்தச் சோதனை நம் ஊர் லேப்களில் கிடைப்பதில்லை.

31 என்பதைப் பார்த்து அதிகம் கலங்க வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வில் 72 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவாகத்தான் இருந்தது. நம் மக்களிடம் இது மிகப் பரவலான குறை. அது குறைந்திருப்பது கூடவே டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு ஏறியிருக்கிறதா, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா, இன்சுலின் சரியாக வேலை செய்கிறதா என்றெல்லாம் பார்க்கச் சொல்லும் ஓர் அடையாளம். உடற்பயிற்சி செய்தால் எண் சராசரியாக இரண்டு, மூன்று புள்ளிதான் ஏறும், பீடி சிகரெட்டை விட்டாலும் கொஞ்சம் ஏறும். எண் ஏறியதைவிட அந்தப் பழக்கமே ரத்தக்குழாய்க்குச் செய்யும் நன்மைதான் பெரிது.

கேட்க வேண்டிய ஒரு மருந்து உண்டு, ஃபீனோஃபைப்ரேட். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபின்லாந்தில் 9,795 சர்க்கரை நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இதை எடுத்தவர்களுக்கு முதல் தடவை கால் அல்லது விரல் துண்டிக்கும் நிலை வருவது 36 சதவீதம் குறைந்தது. கண்ணுக்கு லேசர் தேவைப்படுவதும் குறைந்தது. ஆய்வின் முடிவில் இரு பிரிவினரின் எச்.டி.எல். எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்பாவுக்கு இது பொருந்துமா என்பதை அவருடைய சிறுநீரக நிலையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே வந்த புண்ணை ஆற்றும் மருந்தும் இல்லை அது.

இப்போது புண்ணுக்கு வேண்டியது வேறு. கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்துக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். அந்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் பெரிய தமனியில் அடைப்பு இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும், 1.3, 1.4 என்று வந்தால் நல்லது என்று விட்டுவிடாமல் கால்விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படலாம். பெரிய குழாய் அடைபட்டிருந்தால் நுண்குழாய்கள் எத்தனை முளைத்தாலும் அவற்றுக்குள் ஓட ரத்தம் வராது. வாய்க்கால் மடை அடைத்திருக்கும்போது வரப்புக்குள் பாத்தி பிரித்து என்ன பயன்? பலூன் வைத்து விரிப்பதா, பைபாஸ் செய்வதா என்பதை ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் சீக்கிரம் காட்டி முடிவு செய்யுங்கள்.

நடந்தால் ரத்த ஓட்டம் கூடும் என்று யாராவது சொல்லி அப்பா தினமும் நடந்துகொண்டிருந்தால், அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அடைப்புள்ள காலுக்கு நடைப்பயிற்சி நல்ல வைத்தியம்தான், ஆனால் உள்ளங்காலில் புண் இருக்கும்போது ஒவ்வொரு அடியும் அந்தச் சிவப்புக் குருணையை நசுக்கும். கட்டைவிரலடியில் எடை விழாதபடி தனிக் காலணியோ மாவுக்கட்டோ போட்டுத் தருவார்கள். வீட்டுக்குள் கழிப்பறைக்குப் போகும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். புண் மூடிய பிறகு நடையைத் தொடங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை கட்டு மாற்றும்போது நீங்களே பக்கத்தில் நின்று, அடியில் சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.